சாமியை அழைக்கும் பம்பை

வெளியூர்க்காரர்களுக்குத் திருநின்றவூர் என்றால் பக்தவத்சலப் பெருமாள். இல்லாவிட்டால் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலார். ஆடி ஞாயிறுகளில் இந்த வட்டாரத்துத் தெருக்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கூழ் வார்க்கும் அம்மன் கோயில் வாசலில் பம்பை அதிர, உடுக்கை கூப்பிட, கைச்சிலம்பு குலுங்க, கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும்.

பம்பை ஒற்றை மேளமல்ல. இரண்டு உருளைகளை ஒன்றாகப் பிணைத்து இடுப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று மரம், மற்றது உலோகம் என்பது பழைய வழக்கம். ஒரே ஆளிடமிருந்து இரண்டு குரல் கிளம்புவது அதனால்தான்.

உடுக்கையின் சூட்சுமம் அதன் இடுப்பில் இருக்கிறது. இருபுறத் தோல்களையும் இழுத்துக் கட்டிய கயிறுகளை நடுவில் பிடித்து இறுக்கினால் தோல் விறைக்கும், அதிர்வெண் கூடும், சுருதி ஏறும். பிடியைத் தளர்த்தினால் இறங்கும். உடுக்கை கொஞ்சுவதும் அழுவதும் மிரட்டுவதும் இந்தப் பிடியில்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் ‘பேசும் மேளங்கள்’ பேசுவதும் இப்படியே.

இசையால் ஆவிகளை அழைப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த க்னாவா மக்கள் மொராக்கோவில் வாழ்கிறார்கள். இரவு முழுக்க அவர்கள் நடத்தும் சடங்கின் பெயர் ‘லீலா’. நம் லீலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; அரபியில் இரவு என்று பொருள். ஒட்டகத் தோல் போர்த்திய மூன்று தந்தி கெம்ப்ரியும் இரும்புத் தாளங்களும் ஒலிக்க, ஒவ்வோர் ஆவிக்கும் அதற்குரிய பாட்டு, நிறம், சாம்பிராணி. 2019இல் யுனெஸ்கோ இந்த இசையைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

மேள அடியின் வேகம் மூளையை இழுத்துச் செல்வதால்தான் மருள் வருகிறது என்று 1962இல் ஆண்ட்ரூ நெஹர் எழுதினார். பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூஜே 1980இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார்: ஒலி மட்டும் யாரையும் ஆட வைக்காது, நம்பிக்கையும் சடங்கும் சேர வேண்டும். எனக்கு ரூஜே பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கட்சி ஊர்வலத்தில் எத்தனை மேளம் அடித்தாலும் எந்தத் தொண்டருக்கும் சாமி வருவதில்லையே! மேளத்துக்கு மிக அருகில் நிற்பவர் பம்பைக்காரர். அவரோ தாளம் பிசகாமல் தன்னிலையில் நிற்கிறார்.

அவருடைய உண்மையான வேலை வர்ணிப்பு. அம்மனின் பெயர்களை, அவள் வந்த வழியை, குடிகொண்ட ஊர்களை அடுக்கிப் பாடுவார். பெரியபாளையத்தாளுக்கு ஒரு வரிசை, மலையனூர் அங்காளிக்கு வேறொரு வரிசை. பாடிக்கொண்டே கூட்டத்தைக் கண்ணால் துழாவுவார். ஒருத்தி நடுங்கத் தொடங்கினால் பாட்டு அவள் பக்கம் திரும்பும். “யாரம்மா வந்திருக்கிறது? என்ன குறை?” என்று கேட்பார். சாமி பதில் சொல்லும், சில சமயம் கோபித்துக்கொள்ளும், குறி சொல்லும். கற்பூரம் காட்டிச் சாமியை மலையேற்றும் வரை பம்பை ஓயாது.

அடுத்த ஆடியில் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி, பம்பைக்காரருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். சாமியாடுபவரைப் பார்க்க ஊரே இருக்கிறது. நீங்கள் பம்பைக்காரரின் கண்களைக் கவனியுங்கள்.