கூலி மட்டும் போதுமா? ஆலைத் தொழிலாளியின் மனமும் உழைப்பும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று புதுச்சேரியில் தொழிற்சங்கத்தினர் பஞ்சாலைத் தியாகிகளை நினைவுகூர்கின்றனர். 1936இல் அதே நாளில், வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சி நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

சங்கம் வேண்டும் என்றதன் பொருள் என்ன? தன் குறையைச் சொல்ல ஓர் இடமும், அதைக் கேட்க ஆளும் வேண்டும் என்பதுதான்.

அந்தப் பஞ்சாலைகள் இன்று மூடிக் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். "நல்ல சம்பளம்தானே, ஏன் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டான்?" என்று வீட்டில் கேட்கிறோம். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று உடனே முடிவும் கட்டிவிடுகிறோம்.

காரணம் வேறாகவும் இருக்கலாம். வேலைப்பளு அதிகமாகி, அதைச் செய்யும் முறையில் தன் விருப்பத்துக்கு இடமில்லாதபோது மன அழுத்தம் கூடுகிறது என்று 1979இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கினார். 1988இல் ஜெஃப்ரி ஜான்சன், எலன் ஹால் ஆகிய இருவரும் அதனுடன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: உடன் வேலை செய்வோரின் ஆதரவு. பளுவும் கட்டுப்பாடும் மிகுந்த இடத்தில் ஆதரவும் இல்லையென்றால், அதுவே மிகக் கடினமான வேலை.

ஆதரவு என்பது முதுகில் தட்டிக்கொடுப்பது மட்டுமல்ல. பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரின் எண்ணிக்கை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் எல்லோர் முன்னும் திட்டினால், அடுத்த முறை மெஷினில் கோளாறு தெரிந்தாலும் அவர் வாய் திறக்க மாட்டார். சொல்லாமல் விட்ட சிறு கோளாறுதான் பின்னால் விரலைப் பறிக்கும் விபத்தாகிறது. பக்கத்தில் வந்து, "இப்படிப் பிடியுங்கள்" என்று காட்டிக் கொடுத்தால் வேலையும் படியும், பயமும் போகும். பயமில்லாத இடத்தில்தான் மனிதர் மனம் ஒன்றி உழைப்பார்.

அதே நேரம், இனிய சொல் கூலிக்கு மாற்று ஆகாது. நியாயமான சம்பளமும் வேலை நேரமும் தராமல், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசுவதால் பயனில்லை. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் நிர்வாகத்தினரும் அவர்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் தொழிலாளரும் அமரும் பணிக்குழு அமைக்க, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே வழி செய்தது. கேட்கும் காது முதலாளியின் குணத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நம்மில் பட்டறையும் சிறு தொழிலும் நடத்துவோர் பலர் உண்டு. பணியாளரின் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. புதிதாக வருபவருக்கு வேலை சொல்லித்தர ஒருவரை நியமிப்பதும், வாரம் ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்துக் குறை கேட்பதும் செலவில்லாத காரியங்கள்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளையிடம் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன், "வேலையில் தெரியாததை யாரிடம் கேட்கிறாய்?" என்று கேட்போம். "யாருமில்லை" என்று பதில் வந்தால், குறை பிள்ளையின் பொறுமையில் இல்லை.