தென்காசியில் இருந்தபடியே ஜாஸ் வைப்ரபோன் கத்துக்க முடியுமா? அடிப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய பாடம்!

ஜாஸ் பிளேலிஸ்ட் கேட்பவரா நீங்கள்? மணி மாதிரி கணீரென்று எழுந்து, மெல்ல நடுங்கிக்கொண்டே கரையும் ஒரு சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் வைப்ரபோன்.

சென்னைக்கு பஸ் ஏறாமலே ஐடி வேலை பார்க்கும் ஒரு தலைமுறை இப்போது தென்காசி பக்கம் இருக்கிறது. மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகமே இயங்குகிறது. வேலை ஊருக்கு வந்துவிட்டது, சரி. இப்படியொரு கருவியைக் கத்துக்க ஆசைப்பட்டால் அதுவும் ஊரிலேயே நடக்குமா?

வைப்ரபோன் என்றால் என்ன?

பியானோ கீபோர்டு வரிசையில் அடுக்கிய அலுமினியப் பட்டைகள். வழக்கமாக 37 பட்டைகள், மூன்று ஆக்டேவ். நூல் சுற்றிய கோல்களால் தட்ட வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய் உண்டு. குழாயின் வாயில் மோட்டாரில் சுழலும் சிறு தகடு திறந்து மூடுவதால்தான் அந்த நடுக்கம்.

1920-களில் அமெரிக்காவில் உருவான கருவி இது. 1930-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் ஒரு பாடலில் லயோனல் ஹாம்ப்டன் வாசித்த பிறகுதான் ஜாஸில் இதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. ஹாம்ப்டன் அடிப்படையில் ஒரு டிரம்மர்!

நமக்கு இது அந்நியமா?

முழுசா இல்லை. தட்டினால் சுரம் பேசும் கல்தூண்கள் நெல்லையப்பர் கோயிலில் இருக்கின்றன. ஜலதரங்கக் கலைஞர் சீதா துரைசாமி (1926–2013) பிறந்தது நெல்லை மாவட்டத்து அடைச்சாணி கிராமத்தில். தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களை இரண்டு குச்சிகளால் தட்டி ராகம் வாசித்த அவருக்கு 2001-ல் கலைமாமணி விருது கிடைத்தது. கருவி வேறு, மணிக்கட்டு வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்போ எதுதான் கஷ்டம்?

இரண்டு விஷயம். முதலாவது, கமகம். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது சுரத்தை அசைக்கத் தேடும். உலோகப் பட்டை அதற்குப் பெரிதாக வளைந்து கொடுக்காது. எவ்வளவு அழுத்தமாக, எங்கே தட்டுகிறோம், எவ்வளவு நேரம் ஒலிக்க விடுகிறோம் என்பதில்தான் பாவம் வர வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். கிண்ணத்தின் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். வைப்ரபோனில் பெடலை மிதித்தால் சத்தம் நீண்டுகொண்டே போகும். சீசன் நேரத்தில் குற்றாலம் மெயினருவி பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள், ஒரு வார்த்தையும் தனியா கேட்காது. பெடலைக் கவனிக்காமல் வாசித்தாலும் அதே கதிதான். அதனால் ஒரு கோலால் அடுத்த சுரத்தைத் தட்டும்போதே, இன்னொரு கோலால் முந்தைய பட்டையைத் தொட்டு அணைக்கப் பழக வேண்டும். இந்த நிறுத்தும் வித்தைக்காகவே டேவிட் ஃப்ரீட்மன் 1973-ல் ஒரு பாடப் புத்தகம் வெளியிட்டார்.

கருவி இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது?

புதுக் கருவி வாங்க லட்சக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் செய்யக்கூடியவை:

1. சஸ்டெயின் பெடல் உள்ள சாதாரண கீபோர்டு போதும். ஜெனரல் மிடி வரிசையில் 12-வது ஒலி வைப்ரபோன். எந்த இடத்தில் காலை எடுத்தால் சத்தம் கலங்காமல் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகுங்கள்.

2. சார்ட் பேப்பரில் பட்டைகளை உண்மையான அளவில் வரைந்து மேஜையில் ஒட்டுங்கள். கை பார்க்காமலே இடம் தேடிப் போக வேண்டும்.

3. ஸ்விங் தாளத்துக்கு நம்ம 'தகிட' கைகொடுக்கும். வாயால் மூன்றையும் சொல்லிக்கொண்டே 'த'விலும் 'ட'விலும் மட்டும் தட்டுங்கள். அதுதான் ஸ்விங்கின் அடிப்படை ஆட்டம்.

4. முதல் பாடமாக மில்ட் ஜாக்சனின் 'பேக்ஸ் க்ரூவ்' எடுக்கலாம். 12 பார் ப்ளூஸ்தான். முதலில் பாடுங்கள், பிறகு தட்டுங்கள்.

ஆசிரியர் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

கேரி பர்ட்டன் வளர்ந்தது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சிற்றூரில். ஆறு வயதில் கோலைப் பிடித்தவர், பெரும்பாலும் தானாகவே கற்றார். 1960-ல், 17 வயதில், நாஷ்வில் ஸ்டுடியோவில் வாசித்தார். கைக்கு இரண்டாக நாலு கோல் பிடித்து வாசிப்பதைப் பிரபலமாக்கியவரும் அவர்தான்.

ஆனால் அவர் வீட்டில் கருவி இருந்தது. இதை மறக்க வேண்டாம். காது, தாளம், பெடல் மூன்றையும் தென்காசி வீட்டு மாடியிலேயே தயார் செய்துவிடலாம். ஓடும் சத்தத்தைக் கோலால் தொட்டு அணைக்கும் பக்குவம் மட்டும் உலோகத்தின் முன்னால் நின்றால்தான் வரும். அதனால் வருஷக்கணக்கில் கருவிக்குக் காத்திருக்காமல் இன்றே கீபோர்டில் தொடங்குங்கள். பயணச் செலவையும் நேரத்தையும் கோல் வேலைக்காக மிச்சம் பிடியுங்கள்.