பழம் போடாமலே பழ வாசனை! அமெரிக்க வீட்டு அடுப்பில் கொதிக்கும் பீர்

வீட்டு அடுப்பில் பீர் காய்ச்சினால் குற்றம். சட்டம் பாயும்!

எந்த ஊரில் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில்தான். 1978 வரை அங்கே இதுதான் நிலைமை.

1920-ல் அங்கே மதுவிலக்கு வந்தது. 1933-ல் போயே போய்விட்டது. வீட்டில் ஒயின் போட அனுமதி கிடைத்தது. பீர் மட்டும் விட்டுப்போச்சு!

1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரியில் சட்டம் அமலுக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 100 காலன். இரண்டு பேர் இருந்தால் 200 காலன். அதாவது சுமார் 757 லிட்டர்! ஆனால் விற்கக் கூடாது. சாராயம் வடிக்கவும் அனுமதி இல்லை.

ரகசியம் என்ன?

வீட்டில் காய்ச்சுகிறவர்கள் விரும்பிப் போடும் பீர்களில் ஒன்று, பொன்னிறமான 'பேல் ஏல்'. மூக்கருகே கொண்டு போனால் ஆரஞ்சு, பம்பளிமாசு வாசனை கமகமக்கும். ஆனால் ஒரு சுளைகூடப் போடுவதில்லை!

எல்லாம் 'ஹாப்ஸ்' செய்கிற வேலை. இது ஒரு கொடியில் பூக்கும் பச்சைப் பூ. 1972-ல் வெளிவந்த 'கேஸ்கேட்' என்ற ரகத்துக்கு இந்த வாசனை உண்டு.

20 லிட்டருக்குக் கணக்கு இது: முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லி 4½ கிலோ. ஓட்ஸ் அரை கிலோ. இரண்டையும் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுவார்கள். மாவு சர்க்கரையாக மாறும். வடிகட்டிய தண்ணீரை இன்னொரு மணி நேரம் கொதிக்க விடுவார்கள்.

முதலில் போடும் ஹாப்ஸ் கசப்புத் தரும். வாசனை வேண்டுமா? இறக்கும்போது போட வேண்டும். முன்னாடியே போட்டால் வாசனை ஆவியோடு போயிடும்!

ஓட்ஸ் எதுக்கு? கஞ்சிக்கு வரும் அதே வழவழப்புக்காகத்தான். பீர் நாக்கில் பட்டுப்போல இறங்கும். கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கும்.

பாட்டில் வெடிக்கும்!

ஆறியதும் ஈஸ்ட் போடுவார்கள். சுமார் இரண்டு வாரம் நொதிக்கும். பிறகு நுரை வர கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைப்பார்கள்.

இங்கேதான் ஆபத்து! நொதித்து முடியும் முன்னே அவசரப்பட்டு அடைத்தால், உள்ளே வாயு பெருகும். பாட்டில் டமார் என்று வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணையே பறித்துவிடும். பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் மொத்தமும் புளித்து, கீழே கொட்ட வேண்டியதுதான்.

அடுப்பு ஆலை ஆனது

கலிபோர்னியாவில் சிகோ என்ற ஊர். அங்கே வீட்டில் பீர் காய்ச்சிப் பழகியவர் கென் கிராஸ்மன். அதற்கான சாமான் விற்கும் கடையும் வைத்திருந்தார். 1980-ல் கூட்டாளி பால் கமுசியுடன் 'சியரா நெவாடா' ஆலையைத் தொடங்கினார். கேஸ்கேட் மணக்கும் அவர்களுடைய பேல் ஏல் நாடு முழுக்கப் பரவிவிட்டது!

ஆனாலும் எல்லா மாநிலங்களும் உடனே இறங்கி வரவில்லை. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் வீட்டு பீருக்கு வழிவிட்டன.

கார்ட்டர் போட்ட கையெழுத்து கடைசி அடுப்புக்குப் போய்ச் சேர 35 வருஷம் ஆச்சு!