நீருக்கு அஞ்சும் நறுஞ்செடி

சவர்க்காரப் பொதியிலும் வாசனைத் தைலக் குப்பியிலும் லவெண்டர் என்னும் பெயரைக் காணாத இல்லம் இன்று அரிது. எனினும் அப்பெயருக்குரிய செடியை நேரிற் கண்டோர் நம் மட்டக்களப்பில் மிகச் சிலரே. ‘கழுவுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர். நீராட்டோடு தொடர்புடைய பெயரைத் தாங்கிய செடி, நீர் மிகுந்தால் மடிந்துவிடும் இயல்பினது என்பது வியப்பன்றோ!

இவ்வுண்மையை நாம் நூலிற் கற்றோமல்லோம். ஒரு செடியை இழந்தே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவர் நுவரெலியாவிலிருந்து சிறிய லவெண்டர்ச் செடியொன்றைக் கொணர்ந்து தந்தார். முற்றத்து மல்லிகைப் பந்தலருகே அதனை நட்டோம். பிள்ளைகள் காலையும் மாலையும் செம்பு செம்பாக நீர் வார்த்தனர். கச்சான் காற்றின் வெம்மையைத் தாங்கி நின்ற அச்செடி, மாரி தொடங்கிய பத்து நாளில் வாடியது. வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் வார்த்தோம், அழிவை விரைவுபடுத்தினோம். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகியிருந்தது.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வறண்ட கற்சரிவுகளே இச்செடியின் தாயகம். அங்கே கோடையில் மழை அரிது. பெய்யும் மழையும் நில்லாது வடிந்துவிடும். இந்தியாவில், ஜம்முப் பகுதியைச் சேர்ந்த பதர்வாவில் மக்காச்சோளம் விளைத்த உழவர் பலர் அண்மைக் காலத்தில் லவெண்டருக்கு மாறியுள்ளனர். 2022இல் அங்கு லவெண்டர் விழாவும் நடந்தது. ஆனால் அது குளிர்ந்த மலைநாடு. நமக்கோ கார்த்திகை, மார்கழியில் வானமும் நிலமும் ஒருங்கே நனைந்து கிடக்கும். வாவியோர வளவுகளில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும்.

ஆதலால் இங்கே லவெண்டரை நிலத்தில் நடாது, அடியில் அகன்ற துளையுள்ள மண்சாடியில் வளர்த்தலே தக்கது. வெம்மையை ஓரளவு பொறுக்கும் பல்விளிம்பு இலை வகையைத் தேர்ந்துகொள்க. ஆற்றுப் பருமணல் இரு பங்கு, வளவு மண் ஒரு பங்கு, மக்கிய இலையெரு ஒரு பங்கு எனக் கலந்து, நன்கு கழுவி இடித்த சிப்பித்தூள் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். சுண்ணாம்புச் சத்து இச்செடிக்கு உகந்தது. கடற்கரை மணலில் உப்பு உண்டாகையால் அது ஆகாது. எருவை மிகுதியாக இட்டால் இலை தழைக்கும், மணம் குன்றும்.

நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பின்னரே, இலை நனையாதபடி அடியில் நீர் வார்த்தல் வேண்டும். பூத்து முடிந்ததும் பசுந்தண்டில் மூன்றிலொரு பங்கைக் கத்தரிக்கலாம். முற்றிய கட்டையை வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது அரிது. மாரி தொடங்குமுன் சாடியைத் தாழ்வாரத்திற்கு மாற்றி, இரு செங்கற்களின் மீது வைத்தல் நன்று. நீர் வடியும், காற்றும் உலாவும்.

கிணற்று நீரிலும் கவனம் தேவை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது இப்பகுதிக் கிணறுகள் பல உப்பாயின. இன்றும் இயந்திரத்தால் அளவுமீறி இறைத்தால், கீழுள்ள உவர்நீர் மேலெழும். சாடியின் விளிம்பில் வெண்மையாகப் பூக்கும் உப்பு அதற்கொரு குறி. மாரியில் பிடித்து வைத்த மழைநீரே செடிக்கு நலம், கிணற்றுக்கும் நலம்.

இம்முறையில் வளர்த்த எமது இரண்டாவது செடி இரு மாரிகளைக் கடந்துவிட்டது. பூ சிலவே, எனினும் இலையைத் தொட்ட விரலில் மணம் நெடுநேரம் நிற்கின்றது. இப்பொழுது எம் பிள்ளைகள் செம்பை எடுக்குமுன் மண்ணில் விரலை வைத்துப் பார்க்கின்றனர். வாசகர் இல்லங்களிலும் ஒரு சாடி வைத்துப் பார்க்கலாமே!