வாங்கி விற்கிற வீட்டுப் பெண்

தேவதாஸ் என்றால் நமக்குப் புட்டியும் இருமலும்தான் ஞாபகம் வருகின்றன. 1953இல் வேதாந்தம் ராகவையா தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படத்தில் நாகேஸ்வரராவின் செருகிய கண்கள், ஒரு தலைமுறைக்கே காதல் தோல்வியின் இலக்கணமாகிப்போயின. தாடி வளர்த்தவனையெல்லாம் 'என்னடா தேவதாஸ்' என்று கூப்பிடுகிற ஊர் இது. ஆனால் சரத்சந்திரரின் நாவலை (1917) எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தால் சிக்கல் தொடங்குகிறது. பணக்காரப் பையன், ஏழைப் பெண், அவ்வளவுதானே என்கிறோம். நம்ம முற்போக்கு நண்பர்கள் அதையே 'வர்க்க முரண்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பணம்தான் தடை என்றால், அதே பார்வதி ஹாதிபோதா ஜமீன்தாருக்கு எப்படி வாழ்க்கைப்பட்டாள்? அவர் மனைவியை இழந்தவர், வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர். இரண்டாம் தாரமாக, ஒரு பெரிய மாளிகைக்குத்தானே அவள் போகிறாள்?

தேவதாஸின் வீட்டார் முகர்ஜிகள், பார்வதியின் வீட்டார் சக்கரவர்த்திகள். இரண்டுமே பிராமணக் குடும்பங்கள், பக்கத்துப் பக்கத்து வீடுகள். பார்வதியின் பாட்டி போய்ப் பேச்சைத் தொடங்கும்போது அங்கே இரண்டு தடைகள் எழுகின்றன. ஒன்று, பக்கத்து வீட்டில் சம்பந்தம் செய்வது கௌரவம் இல்லை. இன்னொன்று, சக்கரவர்த்திகள் 'வாங்கி விற்கிற வீடு'. இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிற வாசிப்பு, நாவலையே தாண்டிப் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

அது என்ன வாங்கி விற்பது? வங்கப் பிராமணர்களிடையே குலீனம் என்றொரு படிநிலை இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு மன்னன் வல்லாள சேனன் ஏற்படுத்தியது என்பது மரபு. பெண்ணை மேல்படியில் கொடுக்கலாம், சமமாகக் கொடுக்கலாம். கீழே கொடுக்கக் கூடாது. விளைவு, உச்சியில் இருந்த குலீன ஆணுக்குப் பெண்கள் குவிந்தார்கள். மாமனார் வீடு மாமனார் வீடாகப் போய் வசூல் செய்வதே சிலருக்குப் பிழைப்பாக இருந்தது. வித்யாசாகர் 1871இல் பலதார மணத்துக்கு எதிராக எழுதிய நூலில் ஊர்ப் பெயர், ஆள் பெயர், மனைவியர் எண்ணிக்கை என்று பட்டியலே போட்டுக் காட்டினார். இதன் மறுமுனையில், கீழ்ப்படியில் இருந்த ஆண்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெண்கள்தான் மேலே போய்விட்டார்களே! ஆகவே அவர்கள் பணம் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அப்படிப் பணம் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்த வீடுதான் 'விற்கிற வீடு'. மேலே பெண்களைக் குவித்த ஏற்பாடேதான் கீழே பெண்ணுக்கு விலையும் வைத்தது. பிறகு விலை வாங்கியவனை இழிந்தவன் என்றும் சொன்னது. சாதியும் வர்க்கமும் இங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகள் அல்ல. ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

இனி தேவதாஸுக்கு வருவோம். நள்ளிரவில் தன்னந்தனியாக அவன் அறைக்கு வருகிறாள் பார்வதி. பதின்மூன்று வயதுப் பெண். அவனோ கல்கத்தாவுக்குப் போய் அங்கிருந்து கடிதம் எழுதுகிறான்: உன்மேல் எனக்கு அப்படியொன்றும் பெரிய காதல் இருந்ததில்லை, தவிரவும் உங்களுடையது வாங்கி விற்கிற வீடு. அம்மாவின் வாயில் இருந்த சொல், மகனுடைய பேனாவுக்கு வந்துவிட்டது. அவனை யாரும் கட்டிப்போடவில்லை. சோகம் நிகழ்வது இந்தக் கடிதத்தில்தான். குடியெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. மனம் மாறி அவன் திரும்பி வரும்போது, எங்கள் வீட்டுக்கும் மானம் உண்டு என்று பார்வதி மறுக்கிறாள். தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடிக்கிறான். அந்தத் தழும்பைக் காதலின் சின்னம் என்று உருகுகிறவர்கள் உருகட்டும். எனக்கு அது அடிதான்.

அவன் சாவையும் பார்க்க வேண்டும். பிராமண உடல்தான், ஆனாலும் ஊரில் ஒருவரும் தொடத் தயாரில்லை. சண்டாளர்கள் வந்து கட்டித் தூக்கிப்போய், வறண்ட குளக்கரையில் அரைகுறையாக எரித்துவிட்டுப் போகிறார்கள். மேல்படி, கீழ்ப்படி என்று அவ்வளவு பேசிய ஊர், கடைசிக் காரியத்தை இவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இவர்களுக்குப் பெயர்கூட இல்லை. பிரதியின் மௌனம் என்று நாம் அடிக்கடி பேசுகிறோமே, அது இதுதான்.

இன்னொரு மௌனமும் இருக்கிறது. முடிவில் கதைசொல்லி நேரடியாக நம்மிடம் பேசுகிறார். பார்வதி என்ன ஆனாள் என்று தெரியாது, விசாரிக்கவும் விருப்பமில்லை, தேவதாஸுக்காகத்தான் மனம் வருந்துகிறது என்கிறார். நம் கண்ணீர் யாருக்காக என்பதை அவரே தீர்மானித்துவிடுகிறார். சினிமாக்காரர்கள் பாவம், ஆசிரியர் காட்டிய பக்கம்தான் போனார்கள்.

அதே சரத்சந்திரர் 1920இல் 'பாமுனேர் மேயே' (பிராமணப் பெண்) நாவலில், முன்பு ஒற்றைச் சொல்லாக விட்டுப்போன விஷயத்தைப் பிரித்துப் போடுகிறார். சந்தியா குலீனப் பெண். அருணை அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அவன் படியில் தாழ்ந்தவன், கடல் கடந்து போய் வந்ததால் சாதி கெட்டவனும்கூட. குலப் பெருமையில் அவனை மறுக்கிறாள். அவளுடைய கல்யாண நாளில் குட்டு உடைகிறது. அவள் அப்பாவைப் பெற்ற பாட்டிக்குப் புருஷன் என்று பேர் சொல்லி வந்துபோனது அந்தக் குலீனர் அல்ல. அவர் தமக்குப் பதிலாக அனுப்பிய நாவிதர். மாமனார் வீட்டு வசூலுக்கு ஆள் வைத்திருக்கிறார் மனிதர்! தூய்மை என்று காத்துவந்ததன் யோக்கியதை இவ்வளவுதான். அன்றிரவே சந்தியா அருணிடம் போகிறாள். இப்போது தயங்குவது அவன் முறை. சீர்திருத்தம் பேசுகிற படித்த வாலிபன்தான், ஆனாலும் ஒரு கணம் யோசிக்கிறான்.

அந்தக் கணம் அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. அப்பாவுடன் ஊரைவிட்டே கிளம்புகிறாள். பிற்பாடு அருண் மனம் தேறி ரயிலடிக்கு வந்து கூப்பிடுகிறபோது அவள் இறங்கிவரவில்லை. கல்யாணத்தைத் தவிரப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் வேறு வேலை ஏதும் உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன் என்கிறாள்.