வீடு திரும்பியவர்

1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வது நம் தோட்டங்களில் பழகிப்போன ஒன்று. அங்கே தேறி லயத்துக்குத் திரும்பும் பிள்ளையின் காதில் முதலில் விழுவதும் அந்தக் கேலிதான்.

அவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பதும் நல்லதன்று. கோழிக்குத் தீனி போடுவது, கடைக்குப் போய் மீன் வாங்கி மீதிச் சில்லறைக்குக் கணக்குச் சொல்வது போன்ற பொறுப்புகளை அவரிடமே விடுங்கள். மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தவிடாதீர்கள். தெளிந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

சம்சுப் பழக்கமும் சேர்ந்திருந்தால்? நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அறையில் பூட்டிவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வேலை தேடத் துணைநிற்க அரசாங்கத்தின் மெந்தாரி நிலையங்கள் இருக்கின்றன. மண்டோரிடமும் பேசிப் பாருங்கள். தொடக்கத்தில் அரைநாள் வேலை கொடுத்தாலும் போதும்.