ஒரு கோப்பை, ஒன்பதாம் இடம்

2023-24இல் ஈஸ்ட் பெங்கால் தன் 12 ஆண்டு வறட்சியைத் தீர்த்துக்கொண்டது. அரை நூற்றாண்டாக அந்த அணியைத் தொடரும் ஒரு ரசிகருக்கு அது போதவில்லை

2024 ஜனவரி 28, ஞாயிறு இரவு. தெற்குக் கொல்கத்தாவின் பழைய அகதிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு கிளப் அறை. உள்ளே ஒரு டி.வி.யும், அதைச் சுற்றி முப்பது நாற்பது பேரும். புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று முன்னணியில். எதிரணியான ஒடிசாவில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். கூடுதலாகத் தந்த நிமிடங்களும் தீரப்போகும் நேரத்தில் ஒடிசாவுக்கு ஒரு பெனால்டி. அகமது ஜாஹு பந்தை வலைக்குள் செலுத்தினார். அறையிலிருந்த ஒரு பெரியவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எழுபதைக் கடந்தவர். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. தெருமுனையில் நின்றபடி, வீடுகளிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார். 111வது நிமிடத்தில் பிரேசில்காரர் கிளெய்ட்டன் சில்வா கோல் அடித்தபோது எழுந்த கூச்சலில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 3-2. 2012இல் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற பிறகு ஈஸ்ட் பெங்கால் தொட்ட முதல் தேசியக் கோப்பை அது.

மறுநாள் அவர் வீட்டில் ஹில்சா மீன் சமைத்தார்கள். வங்காளிகள் இலிஷ் என்று அழைக்கும் இந்த மீன், ஈஸ்ட் பெங்கால் வெற்றியின் அடையாளம். மோகன் பகான் வென்றால் இறால். ஜனவரி இலிஷுக்குப் பருவம் அல்ல. ஐஸில் கிடந்த மீனை யானை விலை கொடுத்து வாங்கி வந்தார். ஆனால் சாப்பிட்டுக் கைகழுவியதும் அவர் சொன்ன கருத்து குடும்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. கோப்பை வந்தது நல்லதுதான், ஆனால் இந்தப் பருவம் இன்னும் தேறவில்லை என்றார்.

தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பவில்லை. காரணம் சொந்தக் குடும்பம். மருமகன் மோகன் பகான் வீட்டுப் பிள்ளை. எனவே பேத்தி யார் பக்கம் என்பது இரு வீட்டாருக்கும் இடையில் ஓயாத வழக்கு. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியைக் காட்டி ஒரு பள்ளிச் சிறுமியை எப்படி இழுப்பது என்பதுதான் சில ஆண்டுகளாக அவருடைய கவலை.

பாரிசாலிலிருந்து வந்த பந்தம்

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு கோபத்தில். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில், கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸை ஜோராபகான் கிளப் சேர்க்கவில்லை. அந்தக் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 1ஆம் தேதி, புதிய கிளப் தொடங்கியது. 1947இல் நாடு பிரிந்தபின் எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான மக்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்தச் சிவப்பு-மஞ்சள் சட்டையே சொந்தமென்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது. பெரியவரின் தந்தை பாரிசாலிலிருந்து வந்தவர். வீட்டுக்கு ஓடு போடுவதற்கு முன்பே கிளப் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர் என்று உறவினர்கள் கேலி செய்வார்களாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அகதிகளின் அந்தப் பெருமையைக் கட்டியெழுப்பியவர்கள் வங்காளிகளே அல்லர். 1949 முதல் 1953 வரை முன்வரிசையில் ஆடிய அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர்கள். கொல்கத்தா அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தது. அவர்கள் காலத்தில்தான் அணி 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்தக் கதைகளைத் தந்தை சொல்லிக் கேட்டுத்தான் இவர் வளர்ந்தார்.

இவர் தன் கண்ணால் பார்த்ததும் குறைவில்லை. 1970 முதல் 1975 வரை தொடர்ச்சியாக ஆறு கல்கத்தா லீக் பட்டங்கள். 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியில் மோகன் பகானுக்கு எதிராக 5-0. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி: சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர் கூடியிருக்க, பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, 4-1. 2003இல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் தேரோவை 3-1 என வென்று கைப்பற்றிய ஆசியான் கோப்பை.

இவ்வளவும் பார்த்தவர், அந்த 5-0 தான் கிளப்பைக் கெடுத்தது என்று சொல்லும்போது கேட்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். அவர் வாதம் இது. அந்த ஒரு ஆட்டத்தை வைத்தே அரை நூற்றாண்டு ஓட்டியாகிவிட்டது. மோகன் பகானை ஒருநாள் வென்றால் ஆண்டு முழுவதுக்கும் மன்னிப்பு என்ற பழக்கம் நிர்வாகிகளுக்கும் வந்துவிட்டது, ரசிகர்களுக்கும் வந்துவிட்டது. அதற்குள் பெங்களூர், மும்பை, கோவா அணிகள் ஆண்டு முழுவதும் ஆடுவது எப்படி என்று கற்றுக்கொண்டுவிட்டன.

இருண்ட ஆண்டுகள்

2020இல் ஈஸ்ட் பெங்கால் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. முதல் இரண்டு பருவங்களும் கொரோனா காரணமாகக் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தன. நூற்றாண்டு கண்ட கிளப், தன் ரசிகர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் தோற்றது. முதல் ஆண்டு 9ஆம் இடம். அடுத்த ஆண்டு 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 11 அணிகளில் 11ஆம் இடம். 2022-23இல் மீண்டும் 9. முதலீட்டாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள்: 2018இல் க்வெஸ், 2020இல் ஸ்ரீ சிமென்ட், 2022இல் இமாமி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய அணி, ஒரு புதிய பயிற்சியாளர்.

கடைசியில் வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் தண்டனை அந்த ஆண்டுகளில் ஐ.எஸ்.எல்.லில் இல்லை. பெரியவர் இதை ஒரு சலுகையாக நினைக்கவில்லை. பரீட்சையில் தோற்றாலும் அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்றால் எந்தப் பையன் படிப்பான் என்பது அவர் கேள்வி.

மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டுத் தோல்விகள். அந்தக் கணக்கை முடித்துவைத்தவர் ஒரு சென்னைக்காரர். 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில், 60வது நிமிடத்தில், வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி நுழைந்த நந்தகுமார் சேகர் இடது காலால் வளைத்து அடித்த பந்து வலையின் தூர மூலைக்குள் போனது. 1-0. நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த டெர்பி வெற்றி. பஞ்ச பாண்டவர் கதை கேட்டு வளர்ந்தவருக்கு, மறுபடியும் ஒரு தெற்கத்திப் பையன்தான் காப்பாற்ற வந்தான் என்பதில் தனி மகிழ்ச்சி. ஆனால் செப்டம்பர் 3ஆம் தேதி, அதே போட்டியின் இறுதியில், பத்து பேரோடு ஆடிய மோகன் பகான் 1-0 என்று வென்று கோப்பையை எடுத்துப்போனது.

இருபது நாள், ஆறு மாதம்

பயிற்சியாளராக வந்த ஸ்பெயின்காரர் கார்லெஸ் குவாட்ராட்டைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம். 2018-19இல் பெங்களூர் அணிக்கு ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கித் தந்தவர். வந்த முதல் சில மாதங்களிலேயே தற்காப்பை ஒழுங்குபடுத்தினார். டிசம்பரில் நார்த்ஈஸ்ட் அணியை 5-0 என்று நொறுக்கியபின், பஞ்சாப், மும்பை, ஒடிசா என்று மூன்று அணிகளுடன் வரிசையாக 0-0. காலரியில் பலர் சலித்துக்கொண்டார்கள். இவர் சலித்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் இந்த மூன்றிலும் தோற்றிருப்போம் என்றார்.

ஜனவரியில் சூப்பர் கோப்பை. 20 நாட்களில் ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி. அதில் மோகன் பகானுக்கு எதிரான 3-1உம் அடக்கம்: கிளெய்ட்டன் இரண்டு கோல், நந்தகுமார் ஒன்று. இறுதியில் நந்தகுமார் தன் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார்.

இங்கேதான் பெரியவர் தன் மருமகன் தரப்பு வாதத்தை ஒப்புக்கொள்கிறார். அந்த மாதம் கத்தாரில் ஆசியக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. மோகன் பகானின் ஏழு ஆட்டக்காரர்கள் இந்திய அணியோடு போயிருந்தார்கள். ஈஸ்ட் பெங்காலிலிருந்து போனவர்கள் இரண்டே பேர். வென்றது வென்றதுதான், ஆனால் அதை வைத்து எடை போடக்கூடாது என்பது அவர் கட்சி.

எடை போட லீக் இருக்கிறது. கோப்பைக்கு முன்பு லீக்கில் 10 ஆட்டங்கள்: தோல்வி 3. கோப்பைக்குப் பின்பு 12 ஆட்டங்கள்: தோல்வி 7. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர் விரல்விட்டு எண்ணுகிறார். கோப்பை வென்ற கையோடு நடுக்களத்தில் ஆடிய போர்ஹா ஹெரேராவைக் கோவாவுக்கும், முன்களத்தில் ஆடிய ஹாவியர் சிவேரியோவை ஜாம்ஷெட்பூருக்கும் அனுப்பினார்கள். சவுல் கிரெஸ்போவுக்குக் காயம். பதிலுக்கு வந்த விக்டர் வாஸ்கேஸ் போன்றவர்கள் பாதிப் பருவத்தில் வந்து இறங்கி, சக ஆட்டக்காரர்களோடு பழகுவதற்குள் ஆட்டங்கள் பறந்துவிட்டன. ஜெயித்துக்கொண்டிருக்கும் சட்டையைப் பிரித்துத் தைப்பார்களா என்று கேட்கிறார்.

பிப்ரவரி 3 டெர்பியில் 2-1 முன்னிலை, 87வது நிமிடத்தில் டிமிட்ரி பெட்ராடோஸ் சமன் செய்தார். ஜாம்ஷெட்பூரில் முதலில் கோல் போட்டும் 1-2 தோல்வி. பிப்ரவரி 29 அன்று ஒடிசாவுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் கேரளத்து இளைஞர் பி.வி. விஷ்ணு கோல் அடித்தார். அதிலும் 1-2. மார்ச் 10 டெர்பியில் கிளெய்ட்டனின் பெனால்டியை விஷால் கைத் தடுத்தார். இடைவேளைக்குள் 0-3, முடிவில் 1-3. ஏப்ரலில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 4-2, பிறகு பெங்களூரை 2-1 என்று வென்று ஆசை காட்டிவிட்டு, கடைசி ஆட்டத்தில் பஞ்சாபிடம் 1-4 என்று விழுந்தது.

22 ஆட்டங்கள், 24 புள்ளிகள், 12 அணிகளில் 9ஆம் இடம். பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதிபெற்ற ஆறாவது அணியான சென்னையின் எஃப்.சி. எடுத்தது 27. நழுவவிட்ட முன்னிலைகளில் இரண்டைக் காப்பாற்றியிருந்தால் போதும். லீக் கேடயத்தை வென்ற மோகன் பகான் எடுத்தது 48. அதாவது சரியாக இரு மடங்கு.

கோப்பை கிடைத்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதே அவருடைய முக்கியமான புகார். ஊர்வலம், மாலை, பாராட்டு விழா எல்லாம் நடந்தன. ஜனவரிக்குப் பின் அணி ஏன் சரிந்தது என்று கேட்டவர்களைக் காலரியே வாயடைத்தது. அடுத்த பருவத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள்.

அச்சம் பலித்தது

2024-25இல் என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. முந்தைய பருவத்தில் லீக்கில் அதிக கோல் அடித்த டிமிட்ரியோஸ் டயமன்டகோஸைக் கூட்டி வந்தார்கள். லீக்கின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாவது தோல்விக்குப் பிறகு குவாட்ராட் விலகினார். ஆஸ்கர் புரூஸோன் பொறுப்பேற்றார். முதல் புள்ளி நவம்பர் 9ஆம் தேதிதான் கிடைத்தது, முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு எதிராக ஒன்பது பேரோடு ஆடி 0-0. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரியவரின் குரல் கனிகிறது. இரண்டு பேர் வெளியேறிய பிறகு ஒரு மணி நேரம் முட்டிமோதி நின்றார்களே, அதுதான் அகதி அணியின் குணம் என்கிறார். பருவத்தின் முடிவில் 28 புள்ளிகள், மறுபடியும் 9. மோகன் பகானுக்கு 56. மறுபடியும் இரு மடங்கு.

ஆண்கள் அணியின் கணக்கு இப்படி முடிந்தபின், 2025 ஏப்ரலில் பேத்தி அவரிடம் ஒரு செய்தி சொன்னாள். ஈஸ்ட் பெங்காலின் பெண்கள் அணி கல்யாணியில் ஆடப்போகிறது, வருகிறாயா தாதூ என்று கேட்டாள். பெண்கள் ஆட்டத்தை அவர் அதுவரை மைதானத்தில் பார்த்ததில்லை. அரை மனத்தோடு ரயில் ஏறினார். நடப்புச் சாம்பியன் ஒடிசாவை 1-0 என்று வென்று அந்தப் பெண்கள் இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கைப்பற்றினார்கள். கோல் அடித்தவர் தெலங்கானாவின் சௌம்யா குகுலோத். 2003-04இல் ஆண்கள் அணி தேசிய லீக்கை வென்றதற்குப் பிறகு, 21 ஆண்டுகள் கழித்து அந்தக் கிளப்புக்குக் கிடைத்த தேசிய லீக் பட்டம் அது. ஓர் இரவில் வந்த கோப்பை அல்ல, மாதக்கணக்கில் ஆடி எடுத்த முதலிடம்.

திரும்பும் ரயிலில் பேத்தி சிவப்பு-மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். வழக்கு முடிந்தது என்று அவர் மருமகனிடம் சொல்லவில்லை. ஆண்கள் அணி எப்போது இதைச் செய்யும் என்று பேத்தி கேட்டபோதும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சந்தையில் இறங்கி, இலிஷ் என்ன விலை என்று மட்டும் விசாரித்தார்.